ஒரு ஒயிட்போர்டு, ஒரு அரியர், பன்னிரண்டு வாரம்

என் அக்கா மகள் பி.இ. இரண்டாம் ஆண்டு, ஈ.இ.இ. பிரிவு. முதல் ஆண்டின் இரண்டாம் செமஸ்டரில் எல்லாத் தாளும் ஒருவழியாகத் தேறிவிட்டாள், எலக்ட்ரிக் சர்க்யூட் மட்டும் போய்விட்டது. நவம்பர் கடைசியில் மறுபடி எழுத வேண்டும். ஆகஸ்ட் முடிந்ததும் அக்கா போன் செய்தாள். "வாரத்துல ரெண்டு நாள் வந்து அவளைக் கொஞ்சம் பாரேன். ராத்திரி ஒரு மணி வரைக்கும் உட்கார்ந்து எழுதிக்கிட்டே இருக்கா. எழுதுறதெல்லாம் எங்க போகுதுன்னே தெரியல."

நான் பாலிடெக்னிக்கில் பத்து வருடம் இதே பாடத்தை நடத்தியவள். ஈரோட்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஸ்கூட்டியில் பத்து நிமிடம். போகாமல் இருக்கக் காரணம் எதுவும் இல்லை.

அடுத்த பன்னிரண்டு வாரத்தில் என்ன செய்தோம், எது பலித்தது, எது வீணானது என்பதை அவளுடைய சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். சர்க்யூட், மெஷின்ஸ், கணக்கு, புரோகிராமிங் என்று ஏதோ ஒன்றோடு மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பகுதியாவது உதவும் என்று நம்புகிறேன்.

நோட்டு நிறைந்திருந்தது

முதல் நாள் மூன்று நோட்டுகளை எடுத்து வைத்தாள். எல்லாம் பெரிய சைஸ். கையெழுத்து மணிமணியாக இருந்தது. விடைக்குக் கீழே சிவப்பில் இரட்டைக் கோடு. சர்க்யூட்டைச் சுருக்கும் தெவெனின் முறைக் கணக்கு ஒன்றையே நான்கு இடத்தில் எழுதியிருந்தாள், நான்கிலும் வரி மாறவில்லை. நோட்டை மூடிவிட்டு அதே கணக்கை ஒரு வெள்ளைத் தாளில் போடச் சொன்னேன். படம் வரைந்தாள். கீழே 'ஸ்டெப் 1' என்று எழுதினாள். பேனா அப்படியே நின்றுவிட்டது.

"பார்த்தா புரியுது சித்தி. எழுதப் போனா வரமாட்டேங்குது."

பத்து வருடத்தில் இந்த வாக்கியத்தைச் சொல்லாத மாணவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்கள் பொய் சொல்வதில்லை. பார்த்தால் புரியத்தான் செய்கிறது. பரீட்சையில் கேட்பதோ வேறு வேலை. எதுவும் இல்லாத தாளில் முதல் கோட்டை நாமே போட வேண்டும். அந்த வேலையை அவள் வீட்டில் ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை. நான்கு தடவையும் பக்கத்தில் விடையை வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள்.

2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் நிலைமை தலைகீழ். படித்தவர்கள் 40-க்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 61-ல் நின்றார்கள். அவர்கள் கொடுத்தது உரைநடைப் பகுதி, சர்க்யூட் இல்லை. ஆனாலும் எங்கள் பெண்ணின் மூன்று நோட்டுகளையும் பார்த்தபோது எனக்கு அந்த ஐந்து நிமிடக் கணக்குதான் ஞாபகம் வந்தது. படித்து முடித்த கையோடு மனசுக்கு நிறைவாக இருக்கும். அதை நம்பித்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள்.

போர்டு வந்தது, இரண்டு வாரம் வீணானது

மூன்றடிக்கு இரண்டடி ஒயிட்போர்டு ஒன்று வாங்கினோம். ஹாலில், அவள் நின்றால் கண்ணுக்கு நேராக வரும் உயரத்தில் ஆணி அடித்து மாட்டினோம். கருப்பு, நீலம், சிவப்பு, பச்சை என்று நான்கு மார்க்கர். டஸ்டருக்குப் பதில் பழைய பருத்தி வேட்டித் துண்டு.

முதல் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. காரணத்தை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். இடது கையில் நோட்டைப் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து போர்டுக்கு அழகாகக் காப்பி அடித்துக்கொண்டிருந்தாள். நோட்டில் செய்ததையே சுவரில் பெரிதாகச் செய்திருக்கிறாள், அவ்வளவுதான். போர்டு நிறைந்ததும் அதை போனில் படம் எடுத்துவிட்டு அழித்தாள். 'இன்னைக்கு நாலு போர்டு படிச்சேன்' என்று கணக்கு வேறு வைத்திருந்தாள்.

இதைச் சரிசெய்யப் போய் நான் ஒரு தவறு செய்தேன். நோட்டே கூடாது, வெறும் போர்டில் புதுக் கணக்கைப் போடு என்றேன். அரை மணி நேரம் போர்டு முன்னால் நின்றாள். கண் கலங்கிவிட்டது. அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு வகைக் கணக்கை இன்னும் கற்றுக்கொள்ளாத பிள்ளையை வெற்றுப் பலகை முன்னால் நிறுத்தினால் அது பயிற்சி ஆகாது, தண்டனைதான். புதிதாகப் படிப்பவர்களுக்கு முதலில் தீர்த்துக் காட்டிய கணக்கு வேண்டும். ஸ்வெல்லரும் கூப்பரும் 1985-ல் அல்ஜீப்ரா பாடத்தை வைத்துக் காட்டியதும் இதுதான்.

அப்புறம் வரிசையை மாற்றினோம். முதலில் தீர்த்த கணக்கை உட்கார்ந்து படிப்பாள். ஒவ்வொரு வரியிலும் 'இது ஏன்' என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். பிறகு புத்தகத்தை மூடி அடுத்த அறையில் வைத்துவிட்டு வர வேண்டும். மேஜையில் கவிழ்த்து வைத்தால் போதாது, கை போய்விடும். அதன்பின் போர்டில் அதே கணக்கு. எங்கே தடுக்குகிறதோ அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்துவிட்டு வரலாம். முடித்ததும் எல்லாவற்றையும் அழிக்க வேண்டும், சிவப்புப் புள்ளி உட்பட. அழித்துவிட்டுக் கடைசியாக மறுபடி முதலிலிருந்து.

அடுத்த அறைக்கு நடக்கும் அந்தப் பத்து அடி எனக்கு முக்கியமாகப் பட்டது. பக்கத்தில் நோட்டு இருந்தால் கண் சறுக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிடும், பார்த்ததே தெரியாது. எழுந்து நடந்து போனால், 'இந்த வரி எனக்குத் தெரியவில்லை' என்பதை உடம்பே ஒத்துக்கொள்கிறது. முதல் வாரம் ஒரு கணக்குக்கு ஏழெட்டுத் தடவை நடந்தாள்.

அழிக்கும் துணிதான் பாடம் நடத்தியது

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான். சர்க்யூட் பாடத்தில் போர்டின் பலம் எழுதுவதைவிட அழிப்பதில் இருக்கிறது என்பது எனக்கே ஒருநாள்தான் முழுதாகப் புரிந்தது.

அன்று போட்ட கணக்கு இது. 20 வோல்ட் சோர்ஸ், அதோடு தொடராக 4 ஓம். அது போய்ச் சேரும் புள்ளியிலிருந்து கீழே தரைக்கு ஒரு 12 ஓம். அதே புள்ளிக்குக் கீழிருந்து 2 ஆம்பியர் கரன்ட் சோர்ஸ் ஒன்று மின்னோட்டத்தை ஏற்றுகிறது. அந்தப் புள்ளியிலிருந்து 5 ஓம் வழியாகப் போனால் கடைசியில் 6 ஓம் லோடு, அதாவது மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் பொருள். லோடு வழியாக எவ்வளவு கரன்ட் ஓடும்? தெவெனின் முறையில் காண வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தெவெனின் என்பது லோடைத் தவிர்த்த மொத்த சர்க்யூட்டையும் ஒரே ஒரு வோல்டேஜ் சோர்ஸ், அதோடு தொடராக ஒரே ஒரு மின்தடை என்று சுருக்கிவிடும் வழி. முதலில் லோடைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள வோல்டேஜைக் காண வேண்டும். பிறகு எல்லா சோர்ஸையும் செத்ததாக்கிவிட்டு, அதாவது பூஜ்யமாக்கிவிட்டு, அந்த முனைகளிலிருந்து உள்ளே பார்த்தால் எவ்வளவு மின்தடை தெரிகிறது என்று காண வேண்டும்.

நோட்டில் இதற்கு மூன்று படம் வேண்டும். அவள் நோட்டில் மூன்று படமும் அச்சடித்ததுபோல இருக்கும், ஏனென்றால் மூன்றையும் பார்த்து வரைந்திருக்கிறாள். போர்டில் ஒரே படம்தான். அதைத்தான் மாற்ற வேண்டும்.

லோடை விரலால் துடைத்தாள். இரண்டு முனை வெறுமனே நின்றது. 5 ஓமில் இப்போது கரன்ட் ஓட வழியில்லை, அதனால் அதில் வோல்டேஜ் விழாது என்று அவளே சொன்னாள். நடுப் புள்ளியில் 20-இலிருந்து 4 ஓம் வழியாக வருவதும், கரன்ட் சோர்ஸின் 2 ஆம்பியரும் சேர்ந்து 12 ஓம் வழியாக இறங்க வேண்டும். 21 வோல்ட் என்று சரியாகவே வந்தது.

அடுத்து சோர்ஸ்களைச் சாகடிக்கும் கட்டம். 20 வோல்ட் வட்டத்தைத் துடைத்துவிட்டு அந்த இடைவெளியில் ஒரு கோடு போட்டாள். சரி. 2 ஆம்பியர் வட்டத்தையும் துடைத்தாள், அங்கேயும் ஒரு கோடு போட்டாள். நான் வாய் திறக்கவில்லை. 12 ஓமும் 4 ஓமும் அந்தக் கோட்டால் ஷார்ட் ஆகிவிட்டதால் மிச்சம் 5 ஓம்தான் என்றாள். 21-ஐ 5-உம் 6-உம் சேர்ந்த 11-ஆல் வகுத்து 1.9 ஆம்பியர் என்று விடை எழுதினாள்.

அக்கா சோபாவில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு சர்க்யூட்டைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் அரை மணி நேரமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் கண்ணு, ரெண்டு வட்டத்தையும் அழிச்ச, ரெண்டு இடத்துலயும் கோடு போட்ட. ரெண்டு வட்டமும் ஒண்ணா? ஒண்ணுக்குள்ள அம்புக்குறி போட்டிருந்தியே?"

அவள் திரும்பி போர்டைப் பார்த்தாள். நான் ஒன்று மட்டும் கேட்டேன். "கரன்ட் சோர்ஸ் செத்துப் போச்சுன்னா அது வழியா எவ்வளவு கரன்ட் போகும்?"

"ஜீரோ."

"ஒயர் போட்டு வச்சா ஜீரோவா போகும்?"

ஒரு நொடி நின்றாள். பிறகு ஆள்காட்டி விரலால் அந்தக் கோட்டைத் துடைத்தாள். அங்கே வெறும் இடைவெளி. வோல்டேஜ் சோர்ஸ் செத்தால் இரண்டு முனைக்கும் நடுவே வித்தியாசம் பூஜ்யம், அதனால் அங்கே ஒயர். கரன்ட் சோர்ஸ் செத்தால் ஓட்டம் பூஜ்யம், அதனால் அங்கே வெட்டு. நோட்டில் இந்த விதியை நான்கு இடத்தில் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தாள். விரலால் துடைத்தபோதுதான் அவளுக்கு அது விதி என்பதிலிருந்து காரணமாக மாறியது.

கோடு போனதும் 4 ஓமும் 12 ஓமும் இணையாக நிற்பது படத்திலேயே தெரிந்தது. அவை சேர்ந்து 3 ஓம், கூட 5, ஆக 8. லோடு 6. 21-ஐ 14-ஆல் வகுத்தால் 1.5 ஆம்பியர்.

நான் கவனித்த வரையில், தாளில் இந்தப் பிழை கண்ணில் படாததற்கு ஒரு காரணம் உண்டு. தாளில் மூன்றாவது படம் புதிதாகப் பிறக்கிறது. முந்தைய படத்தில் என்ன இருந்தது, எதை எடுத்தோம் என்பது வரைபவரின் கையில் பதிவதில்லை. போர்டில் எடுப்பது ஒரு தனிச் செயல். ஒரு பொருளை எடுத்தால் அங்கே என்ன மிஞ்சும் என்ற கேள்வி தானாக வந்துவிடுகிறது.

ஸ்விட்ச் போட்டதும் சர்க்யூட் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் டிரான்சியன்ட் கணக்குகளுக்கும் இது அப்படியே பொருந்தியது. நீண்ட நேரமாக டி.சி. ஓடிக்கொண்டிருந்தால் கெப்பாசிட்டர் வெட்டுபோல, இண்டக்டர் ஒயர்போல. ஸ்விட்ச் போட்ட அந்தக் கணத்தில், சார்ஜ் இல்லாத கெப்பாசிட்டர் ஒயர்போல, கரன்ட் ஓடியிராத இண்டக்டர் வெட்டுபோல. மனப்பாடம் செய்தால் நிச்சயம் இடம் மாறிப் போகும் நான்கு வாக்கியங்கள். ஒரே படத்தில் கெப்பாசிட்டரைத் துடைத்து ஒயர் போட்டு, பிறகு அந்த ஒயரைத் துடைத்து வெட்டாக்கி என்று இரண்டு வாரம் விளையாடினாள். அதன் பிறகு அந்த நான்கில் அவளுக்குக் குழப்பம் வரவில்லை.

டேட்டா ஸ்ட்ரக்சர் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு பெட்டியும் அடுத்த பெட்டியின் முகவரியை வைத்திருக்கும் லிங்க்டு லிஸ்ட்டைத் திருப்பிப் போடும் புரோகிராமை எழுதும் முன்னால் நான்கு பெட்டியும் அம்புகளும் வரைந்து, ஒரு சமயத்தில் ஒரு அம்பை மட்டும் அழித்துத் திருப்பிப் பாருங்கள். அடுத்த பெட்டியின் முகவரியை ஒரு ஓரத்தில் எழுதிக்கொள்ளாமல் அம்பை அழித்தால் மிச்சப் பட்டியல் அந்தரத்தில் நின்றுவிடும். கூடுதலாக ஒரு பாயின்டர் எதற்கு என்பது அப்போது தெரிந்துவிடும்.

சத்தமாக, தமிழில்

அக்காவின் அந்தக் கேள்விக்குப் பிறகு ஒரு பழக்கத்தைச் சேர்த்தோம். இரண்டாவது தடவை போடும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட வேண்டும், அக்கா கேட்பாள். அக்காவுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது. அதனால் தமிழில்தான் சொல்லியாக வேண்டும். 'இந்தக் கரன்ட் இங்க வந்து ரெண்டாப் பிரியுது, எந்தப் பக்கம் தடை கம்மியோ அந்தப் பக்கம் அதிகமா போகும்' என்று அவள் முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ரெசிஸ்டன்ஸ், லோடு, நோடு என்ற சொற்களெல்லாம் அப்படியேதான் இருந்தன. ஆனால் 'அதனால', 'இல்லன்னா', 'எதுக்குன்னா' என்பவை தமிழில் வந்தன. காரணத்தைக் கட்டும் சொற்கள் தாய்மொழியில் வரும்போது பிள்ளை எங்கே புரிந்து பேசுகிறது, எங்கே ஒப்பிக்கிறது என்பது கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு பொறியியலுக்குப் போகும் பிள்ளைகள் இதை ஒரு மாதம் செய்து பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

அழித்ததெல்லாம் எங்கே போகும்

ஐந்தாவது வாரம் அவள் போனில் நூற்றுக்கும் மேலான போர்டுப் படங்கள் சேர்ந்திருந்தன. அதில் எதையாவது திரும்பப் பார்த்தாயா என்றேன். இல்லை. படம் எடுத்துவிட்டோம் என்ற தைரியத்தில் மனசு அதைக் கைகழுவிவிடுகிறது. ஆனால் ஒன்றுமே வைத்துக்கொள்ளாமல் அழிப்பதும் சரியில்லை. செப்டம்பரில் செய்த அதே பிழையை அக்டோபரில் அவள் புதிதாகச் செய்தாள்.

கும்பகோணத்தில் ராமானுஜன் கணக்குப் போட்டது சிலேட்டில்தான். காகிதம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. முழங்கையாலேயே அழித்து அழித்து எழுதிவிட்டு, கடைசி முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். வழிமுறை இல்லாமல் முடிவுகள் மட்டும் நிற்கும் அந்த நோட்டுகளை நிரூபிக்க உலகத்துக் கணிதவியலாளர்கள் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால், நம் ஊர்த் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி அழித்துப் படிப்பதைப் பார்த்துத்தான் சென்னையில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளி ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் அதைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். 1797-ல் லண்டனில் புத்தகமாகவும் வெளியிட்டார். அழித்து எழுதும் படிப்பு நமக்கு எங்கிருந்தோ வந்ததில்லை. இதை அக்காவிடம் சொன்னபோது, அவள் அரிசியில் எழுதிப் படித்த கதையைச் சொன்னாள்.

ராமானுஜன் முடிவை வைத்துக்கொண்டு வழியை அழித்தார். எங்கள் பெண்ணுக்கு அதற்கு நேர் எதிரானது தேவைப்பட்டது. விடை எந்தப் புத்தகத்திலும் இருக்கிறது, அவள் தடுக்கிய இடம்தான் வேறெங்கும் இல்லை. அதனால் ஒரு சின்ன நோட்டு போட்டோம். பெயர் 'தப்பு நோட்டு'. போர்டை அழிக்கும் முன்னால் இரண்டே வரி, எங்கே தடுக்கியது, ஏன். முதல் பதிவு இப்படி இருக்கிறது: 'கரன்ட் சோர்ஸ் செத்தா வெட்டு. நான் ஒயர் போட்டேன். அம்மா கேட்டாங்க.' ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நோட்டைத் திறந்து, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு புதுக் கணக்கைப் போர்டில் போடுவாள். போன் படங்களை அவளே அழித்துவிட்டாள்.

சில்லறை விஷயங்கள்

மூன்று கட்ட மின்சாரத்துக்குப் படம் போடும்போது சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறம் வேண்டும். மஞ்சள் மார்க்கர் வெள்ளையில் கண்ணுக்கே தெரியாது, பச்சையை வைத்துக்கொண்டோம். மார்க்கரைப் படுக்கவைத்தே வைக்க வேண்டும், மூடி மேலே பார்க்க நிறுத்தி வைத்தால் மை அடியில் தங்கி முனை வெளிறிவிடும். ஒருநாள் அவள் தம்பி பெர்மனன்ட் மார்க்கரால் போர்டில் கிரிக்கெட் ஸ்கோர் எழுதிவிட்டான். வீடே கலவரமானது. அதன் மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரால் அழுத்தி எழுதி, காயும் முன் துடைத்தால் போய்விடும். இந்த மையில் இருக்கும் ஆல்கஹால் கரைப்பான் பழைய மையையும் இளக்கிவிடுகிறது. எழுதியதை நாள்கணக்கில் விட்டுவைத்தால் மட்டும் நிழல் தங்கிவிடும். அன்றன்றே அழிப்பது போர்டுக்கும் நல்லது.

போர்டு செய்த கெடுதல்

எட்டாவது வாரம் ஒரு மாதிரிப் பரீட்சை வைத்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் தாள் வடிவம்தான். இரண்டு மதிப்பெண் கேள்வி பத்து, பதின்மூன்று மதிப்பெண் ஐந்து, பதினைந்து மதிப்பெண் ஒன்று, மூன்று மணி நேரம். போர்டில் சரளமாகப் போட்ட பெண் தாளில் திணறினாள். தெவெனின் கணக்கில் ஒரே படம் வரைந்து, அதிலேயே லோடை அடித்துவிட்டு, சோர்ஸையும் அடித்துவிட்டு, மேலே மேலே எழுதி வைத்திருந்தாள். விடை சரி. திருத்துபவருக்கு அதில் எதுவும் புரியாது. கை போர்டுக்குப் பழகிவிட்டது. இதை நான் முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு போர்டில் ஒவ்வொரு தடவை துடைக்கும் முன்னாலும், அந்த நிலையின் சின்னப் படத்தைத் தாளில் போட்டுவிட்டுத்தான் துடைக்க வேண்டும் என்று வைத்தோம். கடைசி மூன்று வாரம் பாதி நேரம் போர்டு, பாதி நேரம் மேஜையில் உட்கார்ந்து கடிகாரத்தோடு தாள்.

இன்னும் சில வேலைகளுக்கு போர்டு சரிப்படவே இல்லை. மூன்று மெஷ் (மூடிய வளையம்) வரும் கணக்கில் படம் வரைந்து சமன்பாடு எழுதும் வரை போர்டு நல்லது. டிட்டர்மினன்ட் போட ஆரம்பித்ததும் இடம் போதாது, மார்க்கர் எழுத்துக்கு மைனஸ் குறிகள் தொலைந்து போகும். அந்தப் பகுதி தாளுக்குப் போனது. ஏ.சி. கணக்குகளில் கால்குலேட்டரில் போலார், ரெக்டாங்குலர் என்று மாற்றி மாற்றி அடிப்பதும் அப்படித்தான், அது விரல் பழக்கம். இரண்டு மதிப்பெண் கேள்விகளை அக்கா சமைக்கும்போது கொஸ்டின் பேங்கை வைத்துக்கொண்டு வாய்மொழியாகக் கேட்டாள்.

முடிவு

அரியர் தேறியது. பி பிளஸ். அந்த செமஸ்டரின் மற்ற தாள்களும் தேறின. போர்டு ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். வாரம் இரண்டு நாள் நான் உட்கார்ந்திருந்தேன், அக்கா உட்கார்ந்திருந்தாள், ஒரு தடவை தோற்ற பயம் அவளுக்குள் இருந்தது. ஆனால் ஒன்றை நான் எண்ணிக்கொண்டு வந்தேன். முதலில் ஒரு கணக்குக்கு ஏழெட்டுத் தடவை அடுத்த அறைக்கு நடந்தவள், பத்தாவது வாரத்தில் ஒரு தடவை நடந்தாள் அல்லது நடக்கவே இல்லை. ராத்திரி ஒரு மணி வரை விழித்ததும் நின்றது. பத்தரைக்கெல்லாம் படுத்துவிடுகிறாள்.

அவளுடைய தோழி ஒருத்தி விடுதியில் இருக்கிறாள், சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். அவளுக்காக ஆசாரியிடம் மிஞ்சிக் கிடந்த வெள்ளை சன்மைகாவில் நோட்டு அளவுக்கு இரண்டு துண்டு வெட்டி வாங்கினோம். பளபளப்பான ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும், மேட் ரகத்தில் மை அழியாது. மடியில் வைத்து எழுத நன்றாகவே இருக்கிறது. எட்டி நின்று முழுப் படத்தையும் பார்க்கும் வசதி மட்டும் அதில் இல்லை.

இப்போது ஹாலில் டிரான்ஸ்பார்மர் ஓடுகிறது. ஈக்குவலன்ட் சர்க்யூட்டில் செகண்டரியில் இருக்கும் மின்தடையைப் பிரைமரிக்குக் கொண்டுவர வேண்டும். வலப்பக்கம் இருந்த 0.05 ஓமைத் துடைத்து, டர்ன்ஸ் ரேஷியோ (இரு பக்கச் சுற்றுகளின் விகிதம்) 2 என்பதால் இடப்பக்கம் 0.2 ஓம் என்று எழுதுகிறாள். அக்கா கேட்கிறாள், "அங்க சின்னதா இருந்தது இங்க வந்ததும் எப்படி நாலு மடங்காச்சு?" பதில் சொல்ல அவள் இன்னும் தடுமாறுகிறாள். சொல்லிப் பார்த்து, அழித்து, மறுபடி வரைகிறாள். போர்டின் நடுவே, தெவெனின் படங்கள் வந்து போன இடத்தில், மேல்பூச்சு தேய்ந்து மை சரியாக அழிய மறுக்கிறது. அந்த இடத்துக்கு மேலே ஒரு சன்மைகா ஷீட் ஒட்டித் தரச் சொல்லி ஆசாரியிடம் அளவு கொடுத்திருக்கிறோம்.